ஒரு தரம் கேட்டவள்

என் அக்கா எதையும் இரண்டாம் தரம் கேட்கமாட்டாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் தமிழ் சினிமாவில் கதாநாயகியாக நின்றவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவள் அழகிலிருந்தோ பாட்டிலிருந்தோ ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அதையெல்லாம் எழுத அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு குணம்தான். சினிமாவுக்காக அவளுக்கு வைத்த பெயரையும் எங்கள் அப்பா வைத்த பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. முதல் பெயர் அவளுடையதில்லை. இரண்டாவதை நாங்களே அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு வேளை நினைவுக்கு வருகிறது. "அம்மா, ரசம்" என்பாள். அடுப்புப் புகையில் அம்மாவுக்குக் காதில் விழாது. வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போய்க் கை கழுவுவாள். "கேக்கறதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா?" என்று அம்மா திட்டுவாள். "கேட்டேன்" என்பாள் அக்கா.

ஒரு நாள் மடத்துப் பள்ளியிலிருந்து ஆற்று மணல் வழியாக வந்துகொண்டிருந்தோம். அவளுக்குக் காலில் முள் ஏறிவிட்டது. "எடுத்து வுடுடி" என்றாள். நான் ஈச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "இரு, வரேன்" என்றேன். நான் திரும்பிப் பார்க்கும்போது அவளே பல்லால் கடித்து முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடந்துகொண்டிருந்தாள். காலில் ரத்தம். அதன் பிறகு ஒரு வருஷம் அவள் என்னோடு பள்ளிக்கு வரவில்லை. எனக்கு முன்னாலோ பின்னாலோ நூறடி தள்ளித்தான் நடந்தாள். எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்து. "நான் வரேன்னுதானே சொன்னேன்" என்று அழுதேன். "ஒரு தபா கேட்டா அது கேக்கறது. ரெண்டாந்தபா கேட்டா பிச்சைடி" என்றாள். இதை எங்கே கற்றுக்கொண்டாளோ தெரியாது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்த ரோஷம் கிடையாது. என் அப்பா மழைக்கும் கெஞ்சுவார், மணியக்காரரிடமும் கெஞ்சுவார்.

அவள் நாடகக் கம்பெனியோடு ஓடிப்போனாள் என்று ஊரில் சொன்னார்கள். அது பொய். அவள் கேட்டுவிட்டுத்தான் போனாள். கோயிலுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஒரு மாதம் நாடகம் நடந்தது. மாடு கட்டும் இடத்தில் அவள் பாடுவதைக் கேட்டுவிட்டு அந்தக் கம்பெனிக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். அப்பா கலப்பைக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். "அப்பா, நான் அவங்களோட போவட்டுமா?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பதில் கிடைத்த மாதிரி இருந்திருக்கும். சிரித்துவிட்டு மறுபடி ஆப்பு அடிக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் கழித்துக் காலை ரயிலில் அவள் விழுப்புரம் போய்விட்டாள். பிரெஞ்சு எல்லையில் சுங்கக்காரன் எல்லா மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தானாம். அவளிடம் மூட்டையே இல்லையாம்.

ஒரு வருஷம் கழித்து எங்கிருந்தோ ஒரு கடிதம் போட்டாள். பொங்கலுக்கு வரலாமா என்று நாலே வரி. அப்பா அதை மடித்துக் கூரையில் செருகினார். பொங்கல் வந்தது, போயிற்று. பிறகு கடிதம் வரவில்லை.

அடுத்த வருஷம் எனக்குப் பதினாறு. ஏம்பலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கரும்புத் தோட்டமும் சொந்தக் கிணறும் உள்ள குடும்பம். அவர்கள் சார்பில் விசாரிக்க வந்தவர் வெற்றிலையைக் கையில் எடுத்தும் வாயில் போடாமல், "மூத்த பொண்ணு கூத்தாடிங்களோட போயிட்டாளாமே?" என்று கேட்டார்.

"யாரு சொன்னது? அவ முந்தாநாள் வாந்திபேதியில போயிட்டா" என்றார் அப்பா. யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேரியில எழுதிட்டீங்களா?" என்று கேட்டார் வந்தவர். எங்கள் கொம்யூன் ஆபீசை அப்படித்தான் சொல்லுவோம். அங்கே எழுதினால்தான் பிறப்பு, அங்கே எழுதினால்தான் சாவு. வெள்ளைக்காரன் புத்தகத்தின் மேல் எங்கள் ஜனங்களுக்கு அப்படியொரு நம்பிக்கை.

"எழுதாம?" என்றார் அப்பா. மறுநாள் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய் எழுதினார். வாந்திபேதி வந்த வருஷம். தினம் பத்துச் சாவு எழுதுகிற குமாஸ்தா, பதினொன்றாவதையும் எழுதிக்கொண்டார். பதினாறாம் நாள் ஊருக்குச் சோறு போட்டோம். பிணம் வராத சாவு என்று வில்லியனூரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்ட வாயால் பிறகு எப்படி மாற்றிப் பேசுவது? அன்றைக்கு அம்மா இலை எடுத்துக்கொண்டே என் காதில், "அவ எங்க சாப்ட்டாளோ இன்னாவோ" என்றாள்.

துக்கம் கழியட்டும் என்று மூன்று மாதம் பொறுத்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். என் மாமியார் ஒரு நிபந்தனை போட்டாள். கன்னியாகப் போன பெண் இருக்கிற வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைக்காமல் கல்யாணம் நடக்கக்கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. செத்த பெண்ணைச் சாமியாக அழைத்து, புதுத்துணியும் மஞ்சளும் பூவும் பலகாரமும் வைத்துக் கும்பிட வேண்டும். படைத்த துணியை மூங்கில் பெட்டியில் கட்டி வைத்து, அடுத்த வருஷம் வீட்டுப் பெண் உடுத்த வேண்டும். கும்பிட்டோம். கற்பூரத்தை அப்பாதான் கொளுத்தினார், கை நடுங்கவில்லை. அந்த நேரத்தில் என் அக்கா சேலத்திலோ கோயம்புத்தூரிலோ முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமாகிப் போன பிறகும் அது விடவில்லை. "அந்தப் பொண்ணு வந்த நேரந்தான் நம்ப கெணத்துல தண்ணி வத்தல" என்று மாமியார் வருஷா வருஷம் என் கையாலேயே படைக்க வைத்தாள். சின்னஞ்சிறு பெண்ணுக்கு என்று பாவாடை தாவணியில் ஆரம்பித்தோம். அப்புறம் மாமியாரே, "இந்நேரம் வளந்திருப்பா" என்று சொல்லிப் புடவைக்கு மாற்றினாள். அடுத்த வருஷம் அந்தப் புடவையை நான் கட்டிக்கொள்வேன்.

பேசும் படம் வந்தது. அக்கா படத்துக்குப் போனாள். அவளுக்கு அங்கே எப்படி நடந்தது என்பதைப் பின்னால் பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் வெயிலை வைத்துத்தான் படம் பிடிப்பார்களாம். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். முதல் படத்தில் ஒரு குடை கேட்டாள். ஆகட்டும் என்றார்கள், வரவில்லை. மயங்கி விழுகிறவரை நின்றாள். அன்றைய படப்பிடிப்பு நின்றது. அதற்குப் பிறகு அவள் எங்கே போனாலும் குடை முன்னால் போயிற்று. பெரிய நடிகையான பிறகு முதலாளிகள் பேச வருவார்கள். தனக்கு வேண்டியதை ஒரு தரம் சொல்வாள். "பார்க்கலாம்மா" என்று எதிராளி இழுத்தால் எழுந்து காரில் ஏறிவிடுவாள். பின்னாலேயே ஓடி வருவார்களாம். எங்கள் வீட்டில் அவளுக்கு வெறும் சோற்றை வாங்கிக் கொடுத்த குணம், அங்கே பங்களா வாங்கிக் கொடுத்தது.

மதகடிப்பட்டுக் கூட்டுரோட்டில் டூரிங் கொட்டகை வந்தபோது மாமியார் வண்டி கட்டச் சொன்னாள். என்ன படம் என்று யாருக்கும் தெரியாது. மணலில் உட்கார்ந்தோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவு மண் சுவர். திரையில் என் அக்கா வந்தாள். புருஷன் வீட்டுக் கதவு சாத்தியிருக்க, வாசலில் நின்று அழுதுகொண்டே பாடினாள். மாமியார் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். "யாரு பெத்த பொண்ணோ, இன்னா அழகா அழுவுறா" என்றாள். திரும்பி வரும்போது வண்டியில், "நம்ப பூவாடைக்காரி இருந்தா இவ வயசுதான் இருப்பா, இல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமா அத்தை" என்றேன். என் வீட்டுக்காரர் மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

வில்லியனூர்க்காரர்களுக்கு அவளை அடையாளம் தெரியாமலா போகும்? தெரிந்தது. பதினாறாம் நாள் சோறு தொண்டையை அடைத்தது. அம்மா ஒரு படம்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அப்பாவும் போனார். ஆண் வாரிசு இல்லை, மூத்தவள் புத்தகத்தில் உயிரோடு இல்லை. நிலமும் வீடும் எனக்கே வந்தன.

யுத்தம் முடிந்து சைகோனுக்கு மறுபடி கப்பல் விடத் தொடங்கிய வருஷம். வைகாசித் தேருக்கு நான் வில்லியனூர் வந்திருந்தேன். கவர்னர் வடம் பிடிக்கிற நாள், ஊரே தேரடியில் கிடந்தது. உலை பொங்கட்டும் என்று நான் மட்டும் வீட்டில் இருந்தேன். ஒரு பெண் சாதாரண நூல் புடவையில், தலையில் முக்காட்டோடு ரயிலடியிலிருந்து நடந்து வந்து வாசலில் நின்றாள். படத்தில் பால் போலத் தெரிந்தவள் கறுப்பாக, எங்கள் அம்மா நிறத்தில் இருந்தாள். பதினைந்து வருஷம். நான் எழுந்திருக்கவில்லை.

அவள் உள்ளே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொடவ நல்லாகீதே" என்றாள். நான் கட்டியிருந்தது போன வருஷம் அவளுக்குப் படைத்த புடவை.

"எனக்கு வருஷா வருஷம் துணி வெக்கிறீங்களாமே. சொல்லியிருந்தா பட்டுலயே அனுப்பியிருப்பேன்" என்றாள். சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னாள். அவளை வைத்துக்கொள்ளப் பல பேர் தயாராக இருந்தார்கள், தாலி கட்ட ஒருவர்தான் முன்வந்தார். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய குடும்பம். சைகோனில் அரசாங்க வேலை. லீவில் வந்தவர் யுத்தத்தில் கப்பல் நின்று ஊரிலேயே மாட்டிக்கொண்டவர். மேரியில் பதிந்த கல்யாணம்தான் அவருக்குக் கல்யாணம். அப்போதுதான் மனைவி என்று கப்பலில் கூட்டிப்போக முடியும். பிறப்புச் சீட்டு வாங்க அக்கா முந்தின வாரமே வில்லியனூர் மேரிக்குப் போயிருக்கிறாள்.

"குமாஸ்தா பொஸ்தகத்தப் பொரட்டிட்டு, 'இந்தம்மா செத்து பதிமூணு வருஷம் ஆச்சே'ன்றாரு. உன் கல்யாணத்துக்கு மூணு மாசம் முந்தி செத்திருக்கேன். அங்க போய்த்தான் எனக்கே தெரிஞ்சிது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. இரண்டு பேர் வந்து இவள்தான் அவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோர்ட்டுக்கு அனுப்பித் திருத்துவார்களாம். மடத்துப் பள்ளியில் எங்களுக்குப் பாடம் சொன்ன டீச்சரம்மா வருவதாகச் சொல்லிவிட்டார். படையல் கதையும் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொருவர் ரத்த சம்பந்தமாக இருக்க வேண்டும்.

"ரத்தம்னு எனக்கு நீதான் கீற. புதன்கிழமை காலையில மேரிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடறியா?"

கேட்டுவிட்டாள். அந்தக் கையெழுத்து என் கல்யாணம் பொய்யில் நடந்தது என்று சொல்லும். மாமியார் பதிமூன்று வருஷமாகக் கும்பிட்ட சாமி சினிமாக்காரி என்று சொல்லும். எனக்கு இரண்டு பெண்கள், மூத்தவளுக்குப் பதினொன்று. நிலத்தைப் பற்றியும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் நான் மறுபடி பொய் சொல்கிறவள் ஆவேன்.

"அவரக் கேட்டுட்டு வரேங்க்கா" என்றேன்.

"சரி" என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஏம்பலம் திரும்பியும் நான் என் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. ராத்திரியில் சொல்லலாம் என்று நினைப்பேன், காலையில் சொல்லலாம் என்று நினைப்பேன். புதன்கிழமை விடிந்ததும் நெல் அவிக்க உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே அவித்தாக வேண்டிய நெல் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "வில்லியனூர் பக்கம் போறேன், வரியா?" என்றார்.

"வேல கீது" என்றேன். அண்டாவிலிருந்து ஆவி வந்து முகத்தில் அடித்தது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு மேரியில் நடந்ததை டீச்சரம்மா பின்னால் எனக்குச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம். முக்காடு போடவில்லையாம். சேதி பரவி ஜன்னல் கம்பியெல்லாம் ஜனம். ஒரு பாட்டு பாடச் சொல்லிக்கூட யாரோ கத்தினானாம். அவள் கூட்டத்தைப் பார்த்து, "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் சினிமாப் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அதில் எங்கள் தெருக்காரர்கள் இருந்தார்கள். அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் இருந்தார்கள். குமாஸ்தா, "எங்களுக்கெல்லாம் தெரியும்மா, எழுத்துல இல்லியே" என்றாராம். மத்தியானம் ஆபீஸ் மூடுகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோனாள். "எந்தங்கச்சிக்கு உடம்பு சரியில்லபோல" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டுப் போனாளாம்.

மறுவாரம் வருவாள், ஆள் அனுப்புவாள், ஒரு கார்டாவது போடுவாள் என்று நான் காத்திருந்தேன். இந்தத் தடவை வந்தால் போய்விடுவது என்று முடிவுகூடச் செய்திருந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. எனக்கு இன்றைக்கும் அவள் மேல் கோபம் உண்டு. இரண்டாம் தரம் ஒரு வார்த்தை கேட்டால் தலையா போய்விடும்? கூடப் பிறந்தவளிடம் பிச்சை எடுத்தால் என்ன குறைந்துவிடும்? இப்படி ஆத்திரப்பட்டுப் பட்டுத்தான் நான் என்னைச் சமாதானப்படுத்தி வந்திருக்கிறேன்.

அந்த மனிதர் கப்பலில் தனியாகப் போனார். இரண்டு கடிதம் வந்ததாம். அப்புறம் அங்கேயே குடும்பம் ஆகிவிட்டது. அவரையும் அக்கா ஒரு தரம்தான் கேட்டிருப்பாள். பிறகு வந்த படங்களில் அவளுக்கு அம்மா வேஷம் கொடுத்தார்கள். கடைசியாக மதகடிப்பட்டில் ஒரு படம் பார்த்தேன். கதாநாயகிக்குப் பின்னால் தாம்பாளம் ஏந்தி நின்றாள், பேச்சே இல்லை. மாமியாருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

மேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருஷங்களில் ஒன்றில், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அவள் செத்துப்போனாள். முப்பத்தைந்து முடியவில்லை. பேப்பரில் வந்த சேதியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர்தான் கொல்லைக்கு வந்தார். நான் சாணி தட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்கக்கா போயிட்டாங்க" என்றார்.

நான் நிமிர்ந்தேன். "எந்த அக்கா?" என்று கேட்டேன். அந்த நிமிஷத்திலும் அப்படித்தான் கேட்டேன்.

"கொட்டாயிலயே எனக்குத் தெரியும். எல்லாரும் படத்தப் பாத்தாங்க, நீ தரையப் பாத்துகினு இருந்த. அப்பால விசாரிச்சேன். அம்மா சாமின்னு கும்புடறத இன்னாத்துக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

"அந்த புதன்கிழமை?"

"மேரிக்கு வராங்கன்னு ஊருல பேசிகினாங்க, தெரிஞ்சுதான் வண்டி கட்டினேன். வேல கீதுன்ட. அக்கா தங்கச்சிக்குள்ள இன்னாவோன்னு நெனச்சிகினேன். நீ என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கூட்டிகினு போயிருப்பேனே."

கையிலிருந்த சாணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அடுத்ததைச் சொன்னார். மெட்ராஸில் அவளுக்கு ஒரு பங்களா இருக்கிறது. உரிமை கேட்க ஆள் இல்லாவிட்டால் யார் கைக்கோ போய்விடும். நான் தங்கை என்று காட்ட வேண்டும். அதற்கு மேரியில் போய் அந்தப் பழைய எழுத்து தப்பு என்று சொல்ல வேண்டும். "நம்ப பெரிய பொண்ணுக்கு வயசாவுது இல்ல" என்றார்.

போனோம். அதே குமாஸ்தா, தலை நரைத்திருந்தது. டீச்சரம்மா எனக்காகவும் வந்தார். குமாஸ்தா அந்தப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, அப்பாவின் கையெழுத்து இருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

"இதுல செத்ததா எழுதின பொண்ணு அப்ப சாவல, போன மாசந்தான் மெட்ராஸ்ல செத்துது. அந்தம்மா உங்க கூடப் பொறந்த அக்கா. சரிதானே?"

"சரி" என்றேன்.

"நல்லாத் தெரியுமா? அடையாளம் சொல்லுவீங்களா?"

"கூடவே வளந்தவ" என்றேன். வலது காலில் முள் கிழித்த தழும்பு இருக்கும் என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை, அப்பா பெண்தான்.

மை காய ஊதிக்கொண்டே குமாஸ்தா, "அன்னைக்கு வந்திருந்தாலும் இவ்ளோதாம்மா வேல" என்றார்.

நான் வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாடு குடித்து முடித்திருந்தது. இன்னொன்று இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.